எட்டடிக் குழாய்

கல்லூரியில் நான் ஃபெயிலானது ஒரே ஒரு பாடத்தில்தான். ஆனால் அதில் மூன்று முறை ஃபெயிலானேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்று அதற்குப் பெயர். இரும்பு எவ்வளவு தாங்கும், எப்போது வளையும், எப்போது முறியும் என்று கணக்குப் போடுகிற பாடம். கேள்வித்தாள் மாறினாலும் அதில் ஒரு படம் மட்டும் மாறவே மாறாது. ஒரு சுவர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கீழே பார்த்த ஓர் அம்புக்குறி. ஒரு பக்கம் பிடிமானம், மறுபக்கம் வெறும் காற்று. இந்தக் கம்பி தாங்குமா, தாங்காதா?

இரண்டாவது முறை நான் ஃபெயிலாகும்படி எழுதவில்லை. இன்று யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்றேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள். சரி, திரும்பப் படிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். செஞ்சியிலிருந்து கோட்டை மதிலைக் கடந்து போகிற கல்லூரிப் பேருந்தில், மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, அந்தக் கம்பியையே போகவும் வரவும் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகும் நான் அந்தச் சுவரோடும் கம்பியோடும்தான் இருந்தேன். நான்காவது முறை பாஸானேன். நல்ல மார்க்.

ரிசல்ட் வந்த அன்று அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தெற்குப் பார்த்துக் கும்பிட்டாள். எங்கள் தெருவின் தெற்குக் கோடியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது.

"ஆத்தா பாஸ் பண்ண வச்சிட்டா" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நான் படிச்சேம்மா" என்றேன்.

"நீ மூணு வாட்டியுந்தான்டி படிச்ச. அப்ப ஏன் பாஸாவல? இந்த வாட்டி நான் வேண்டிகினேன். பாஸானா செடல் ஏறறேன்னு."

கோபத்தில் அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா கூப்பிடவும் இல்லை. நைனா மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொல்லியில் மல்லாட்டைக்குத் தண்ணி கட்டணும் என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அந்த வேர்க்கடலை நிலத்துக்கு எப்போதும் தண்ணி கட்ட வேண்டியிருக்கும்.

செடல் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி மாதத் திருவிழாவில், டிராக்டர் டிரெய்லரின் நடுவே ஒரு தூணை நட்டு, தூணின் தலையிலிருந்து படுக்கைவாட்டில் ஒரு குழாயை வெளியே நீட்டியிருப்பார்கள். குழாயின் நுனியில் ஓர் இரும்பு வளையம். வேண்டிக்கொண்டவர்களை அந்த வளையத்தில் தொங்கவிட்டு, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தரத்தில் இருந்தபடியே அம்மனுக்கு மாலை போடச் செய்வார்கள். அந்தக் காலத்தில் முதுகில் கொக்கி குத்தித் தொங்கினார்களாம். எங்கள் கோயிலில் அது எப்போதோ நின்றுவிட்டது. இப்போது மஞ்சள் துணியை இடுப்பிலும் மார்பிலும் தொடையிலும் சுற்றிக் கட்டி, குப்புறப் படுத்த நிலையில் தூக்குவார்கள். ஆண்களும் ஏறுவார்கள், பெண்களும் ஏறுவார்கள். குழாயாக மாறிப் பல வருடம் ஆனபிறகும் அதற்கு 'மரம்' என்றுதான் பெயர்.

அதாவது, என் கேள்வித்தாளில் இருந்த அதே படம். சுவருக்குப் பதில் தூண். அம்புக்குறிக்குப் பதில் அம்மா.

அந்த வருடம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் திண்டிவனம் ரோட்டில் ஓர் இரும்பு ஷெட்டில் சேர்ந்தேன். கூரை, கேட், டிரெய்லர் எல்லாம் செய்கிற இடம். என் வேலை வரைபடம் போடுவதும், எந்த இடத்துக்கு எந்த அளவு இரும்பு வேண்டும் என்று சொல்வதும். நான் ஃபெயிலான பாடம்தான் எனக்குச் சோறு போட்டது. வேலையில் நிலைத்ததும் அம்மா நாள் குறித்துவிட்டாள். இந்த ஆடியில் ஏறுகிறேன் என்று கோயிலில் பேர் கொடுத்துவிட்டு வந்துதான் எங்களிடமே சொன்னாள்.

நான் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்கிற ஆள் இல்லை. தவிர, வேண்டுதல் அவள் வேண்டியது. அதில் எனக்குக் கோபம் இருந்ததே ஒழிய, அதை நிறுத்த எனக்கு என்ன உரிமை?

காப்புக் கட்டிய மறுநாள் வேலை முடிந்து வரும்போது, கோயில் வாசலில் டிராக்டரைப் பார்த்தேன். தூணை நட்டுக் குழாயை ஏற்றியிருந்தார்கள். பார்த்ததும் ஏதோ உறுத்தியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய் நிமிர்ந்து பார்த்தேன். குழாய் நீளமாக இருந்தது. போன வருடம்வரை ஐந்தடி இருந்த குழாய் இப்போது எட்டடி.

காரணத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கண்ணுக்கு எதிரே இருந்தது. கோயிலுக்கு முன்னால் புதிதாக மண்டபம் கட்டியிருந்தார்கள். படிக்கட்டு தெருவரைக்கும் வந்துவிட்டது. டிராக்டர் பழைய இடத்துக்குப் போக முடியாது. மண்டபத்துக்கு வெளியே நின்றால் தொங்குகிறவர் கை அம்மனுக்கு எட்டாது. அதனால் குழாயை நீட்டிவிட்டார்கள். கை எட்டவில்லை என்றால் கையை நீட்டுவது, அவ்வளவுதானே?

நான் பயந்தது நீளத்தைப் பார்த்து அல்ல. ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தபோதுதான். தூணுக்குப் பின்னால் இருந்த குழாயின் வால்பக்கத்தில் மூன்றடித் துண்டு ஒன்றைப் பற்றவைத்து, மொத்தத்தையும் முன்னால் தள்ளியிருந்தார்கள். அந்த வெல்டிங் நுனிப் பக்கம் இல்லை. தூணை ஒட்டி, அடியிலிருந்து ஒரு சாணில் இருந்தது.

பற்றவைத்தவர் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருக்காரர்தான். எனக்கு அண்ணன் முறை.

"அண்ணா, துண்டு சேக்கறதுன்னா நுனியில சேக்க வேண்டியதுதான? ஏன் அடியில வச்சி ஒட்டுன?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா பேசற நீ? நுனியில வளையம் இருக்குது. சாமி தொங்கற வளையம். மஞ்சளும் குங்குமமும் வச்சி பூச பண்ற எடத்த எப்படி அறுக்கறது? அது பாவம் இல்ல? அந்தப் பக்கம் கை வைக்காம, இந்தப் பக்கம் சேத்துட்டேன்."

அவர் சொன்னதில் கள்ளம் இல்லை. உலகத்தில் வேறு எந்த வெல்டரும் செய்யாத தவறை, பக்தியின் காரணமாகவே அவர் செய்திருந்தார். நுனி புனிதம், அடி வெறும் இரும்பு. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிக்கு உயிர் அடியில்தான் இருக்கிறது. நுனியில் தொங்குகிற எடையை நீளத்தால் பெருக்கினால் வருகிற வளைக்கும் விசை முழுவதும் தூணை ஒட்டிய இடத்தில்தான் வந்து விழும். நுனியில் அந்த விசை கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. ஒட்டுப் போடவே கூடாத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டுப் போட்டிருந்தார்.

கணக்குக்கு எனக்கு அம்மாவின் எடை வேண்டும். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு வந்த கோபம், குழாய் உடையும் என்று பிறகு சொன்னபோதுகூட வரவில்லை.

"எதுக்கு ஒனக்கு?"

"கணக்குக்கு."

"அறுவதுன்னு போட்டுக்க."

அம்மாவைப் பார்த்தவர்கள் யாரும் அறுபது என்று சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் அரிசி வாங்கப் போன இடத்தில், கூட்டம் குறைந்ததும், தராசில் ஏறச் சொன்னேன். முடியாது என்றாள். ஏறினால்தான் வீட்டுக்கு வருவேன் என்று அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். முறைத்தபடி ஏறினாள். முள் எழுபதைத் தொட்டு நின்றது. "பைய கையில வச்சிருக்கேன்" என்றாள். பை என்னிடம் இருந்தது.

கணக்கை இரண்டு விதமாகப் போட்டேன். டிராக்டர் அசையாமல் நிற்கும்போது, அம்மா அப்படியே தொங்கினால், இரண்டு அங்குலக் குழாய் தாங்கும். தாங்கத்தான் தாங்கும், எல்லையை நெருங்கியபடி. ஆனால் செடல் என்பது நிற்பது இல்லையே, கோயிலைச் சுற்றுவது. வடக்கு மூலையில் சாக்கடையை மூடிய சிலாப் ஒன்று தெருவைவிட உயர்ந்து நிற்கிறது. சக்கரம் அதில் ஏறி 'தொம்'மென்று இறங்கும். அந்த ஒரு கணம் எழுபது கிலோ இரட்டிப்பாகிவிடும். இரட்டித்துப் போட்டால் விடை எல்லையைத் தாண்டி எங்கேயோ போனது. ஒட்டே இல்லாத நல்ல குழாய்க்கே அந்தக் கதி. ஒட்டுப்போட்ட குழாயைப் பற்றிக் கணக்குப் போடவே எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். கமிட்டித் தலைவரும் இன்னும் நாலைந்து பேரும் புது மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நைனாவுக்கு அண்ணன் முறை. நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"பெரியப்பா, இந்த மரம் தாங்காது" என்றேன். கும்பிடு, நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. எனக்கு அதெல்லாம் சுட்டுப்போட்டாலும் வராது.

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நாங்க பாத்துட்டோம்மா. ஒரு மூட்ட மல்லாட்டைய தொங்கவிட்டுப் பாத்தாச்சி. கம்முனு தாங்குச்சி."

"டிராக்டர் ஓடுச்சா?"

"டிராக்டர் எதுக்கு ஓடணும்? நின்னாத்தான தொங்கவிட முடியும்?"

பாக்கெட்டில் இருந்த சாக்பீஸை எடுத்தேன். ஷெட்டில் இரும்பின்மேல் கோடு போடுகிற சாக்பீஸ் எப்போதும் என்னிடம் இருக்கும். புது மண்டபத்தின் பளபளப்பான கிரானைட் தரையில் உட்கார்ந்து தூணை வரைந்தேன், குழாயை வரைந்தேன், நுனியில் அம்புக்குறி போட்டேன். எடை, நீளம், குழாயின் வெளி அகலம், உள் அகலம். ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன். கோயில் தரையில் என்ன கிறுக்கல் என்று ஒருவர் சத்தம் போட்டார். நான் நிறுத்தவில்லை.

தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில் கையை நீட்டி மேற்கே காட்டினார். மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே ராஜகிரி மலை தெரிந்தது. அதன் சரிவில் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, இப்போது உருளுமோ பிறகு உருளுமோ என்று உட்கார்ந்திருக்கும்.

"அந்தப் பாற அப்படியே நிக்குதே, எந்த இன்ஜினியரு கணக்கு போட்டு நிக்க வச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தப் பாறையில எங்கம்மா தொங்கல பெரியப்பா" என்றேன்.

சிரிப்பு நின்றது. அப்போதுதான் பின்னால் இருந்த ஒருவர் அதைச் சொன்னார். "இது இந்தப் பொண்ணு மூணு வாட்டி ஃபெயிலான பாடம் இல்ல? அதுக்குத்தான இவங்கம்மாவே வேண்டிகிச்சி."

மறுபடியும் சிரிப்பு, இந்தமுறை பெரிதாக. என் காது சூடானது. இந்தத் தெருவில் யார் வீட்டு மார்க் ஷீட்டும் ரகசியம் இல்லை.

எழுந்து நின்றேன். "ஆமா, மூணு வாட்டி ஃபெயிலானேன். அதனால நாலு வாட்டி படிச்சேன். மொத வாட்டியே பாஸானவன் பரிட்ச எழுதிட்டு மறந்துட்டுப் போயிட்டான். இந்தக் கணக்க என்னவிட ஜாஸ்தி வாட்டி போட்ட ஆளு இந்த ஊர்ல யாருன்னு காட்டுங்க. நான் வாய மூடிகினு போறேன்."

யாரும் காட்டவில்லை. ஆனால் யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. மூட்டையைத் தொங்கவிட்டு டிராக்டரை ஒரே ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். காப்புக் கட்டியபிறகு, செடல் நாளுக்கு முன்னால் மரம் கோயிலைச் சுற்றக் கூடாது என்றார்கள். சரி, எங்கள் ஷெட்டிலிருந்து ஒட்டில்லாத மூன்று அங்குலக் குழாய் தருகிறேன், என் உபயமாக இருக்கட்டும் என்றேன். தலைவர் அதற்குச் சம்மதித்தார். உபயத்தை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் வளையம்? பழைய வளையம் பழைய குழாயோடுதான் இருக்கும். புது வளையம் ஆகாது. பழைய வளையத்தை அறுத்து எடுக்க ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். வெல்டர் அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அறுக்கறேன்" என்றேன்.

"நீ காப்பு கட்டல. தொடக் கூடாது" என்றார் தலைவர். சாக்பீஸ் தரையில் அப்படியே கிடக்க, நான் வேலைக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. அம்மா மஞ்சள் சேலையில், கையில் காப்போடு, வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எம் மானத்த வாங்கிட்டு வந்தியா? நிறுத்தணும்னா என்கிட்ட சொல்லு. கோயில்ல போயி ஏன் கத்தற?"

"நிறுத்த வரலம்மா. நீ ஏறு. எனக்குப் புடிக்கல, ஆனாலும் ஏறு. ஒடையாத குழாயில ஏறுன்னுதான் சொல்றேன்."

"அப்ப ஆத்தா மேல ஒனக்கு நம்பிக்க இல்ல."

"அந்த ஒட்டு மேல நம்பிக்க இல்ல."

நான் உள்ளே போய்த் தண்ணீர் நிறைந்த குடத்தைக் கொண்டு வந்தேன். "இத ஒரு கையில புடி. மாரோட அணைச்சிப் புடி." பிடித்தாள். "இப்ப கைய நீட்டு." நீட்டப் பார்த்தாள். குடம் இறங்கியது. "எங்க வலிக்குது?"

"தோள்ல."

"குடம் இருக்கற எடம் வெரலு. வலிக்கற எடம் தோளு. அந்த மரத்துக்கும் அப்படித்தான்."

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். தோளைத் தடவிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அந்தாளு தோள்லயா ஒட்டு போட்டிருக்கான்?"

நாலு வருடம் எனக்கு வகுப்பு எடுத்தவர்கள் யாரும் அந்தக் கேள்வியை அவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. "ஆமாம்மா" என்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ரம்பம் எங்க இருக்குது?" என்றாள்.

மறுநாள் காலை கோயிலில் கூழ் ஊற்றுகிற நேரம். தெருவே அங்கே இருந்தது. அம்மா நேராக டிராக்டரிடம் போனாள். இரும்பு அறுக்கிற ரம்பம் அவள் கையில் இருந்தது. நான் ஷெட்டிலிருந்து எடுத்து வந்தது. குழாயை இறக்கச் சொன்னாள். எதற்கு என்று தெரியாமலே இரண்டு பேர் இறக்கினார்கள். வளையத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரம்பத்தை வைத்தாள்.

"ஏய், இன்னா பண்ற?" தலைவர் ஓடி வந்தார்.

"தொங்கப் போறது நான் மாமா. ஆத்தா காப்பு கட்டுன கையி இது. இந்தக் கை தொடக் கூடாதுன்னா அப்பறம் எந்தக் கை தொடும்? புடிக்கணும்னா வந்து என் கையப் புடிங்க, பாப்போம்."

காப்புக் கட்டி மஞ்சள் உடுத்திய பெண்ணின் கையைப் பிடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தலைவர் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். அம்மா அறுத்தாள். பழக்கமில்லாத கை. ரம்பம் சறுக்கியது, சிக்கியது, கீச்சிட்டது. பாதிகூடப் போகவில்லை, அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நான் தொடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது, அந்த வருடம் ஏறுவதற்குப் பேர் கொடுத்திருந்த இன்னொரு பெண், கையில் இருந்த கூழ்ச் சொம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "குடுக்கா" என்று ரம்பத்தை வாங்கினாள். அவள் களைத்ததும் அலகு குத்தக் காப்புக் கட்டியிருந்த ஒருத்தி வந்தாள். கூழ் வாங்க வந்த கூட்டம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் சேலைகள் மாறி மாறி உட்கார்ந்து இரும்பை அறுத்தன. வளையம் துண்டாகித் தரையில் உருண்டபோது யாரோ குலவை போட்டார்கள்.

அன்றே புதுக் குழாய் வந்தது. வளையத்தை அதன் நுனியில் பற்றவைக்கச் சொன்னேன். அங்கே ஒட்டு இருந்தால் பாதகமில்லை. வெல்டர் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தார். நான் பக்கத்தில் நின்று, இந்தப் பக்கம் நிரம்பவில்லை, இன்னொரு முறை பற்றவை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தூணில் பிடிக்கிற போல்ட்டுகளையும் மாற்றவைத்தேன். "நீ ஒரு கல்யாணத்த பண்ணிகினு போயிட்டா ஊரு நிம்மதியா இருக்கும்" என்றார். "போல்ட்ட முடுக்கு" என்றேன்.

டிராக்டரை ஓட்டிப் பார்க்க மட்டும் கடைசிவரை விடவில்லை. அதனால் அந்தக் குழாய்க்குச் சோதனை எதுவும் கிடையாது. என் கணக்கு ஒன்றுதான். சும்மா தொங்கினால் நுனி ஒரு விரற்கடை இறங்கும், சிலாப்பில் குதித்தால் இரண்டு விரற்கடை இறங்கித் திரும்பி வரும், உடையாது. எத்தனை முறை போட்டாலும் இதே விடைதான் வந்தது. ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டேன். பரிட்சையில் தப்பானால் அடுத்த முறை எழுதலாம்.

செடல் அன்று வெயில் கொளுத்தியது. மேளம் காதைப் பிளந்தது. அம்மாவுக்குத் துணி சுற்றிக் கட்டினார்கள். பூசாரி விபூதி பூசி, "பயப்படாத, ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

"ஆத்தா பாத்துக்குவா. கொழாய எம் பொண்ணு பாத்துட்டா" என்றாள் அம்மா. பூசாரிக்குக் கேட்டதோ இல்லையோ, பக்கத்தில் இருந்த தலைவருக்குக் கேட்டது. அவர் மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த ஒரு வரி போதும். என் மார்க் ஷீட் யாருடையது என்ற சண்டையை நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

தூக்கினார்கள். அம்மா குப்புறப் படுத்தபடி அந்தரத்தில் நின்றாள். கையில் மாலை. நுனி ஒரு விரற்கடை இறங்கியது. டிராக்டர் நகர்ந்தது. கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. மரத்துக்குக் கீழே யாரும் வரக்கூடாது என்று மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்கள். நான் கீழேதான் நடந்தேன். சட்டையைப் பிடித்து ஒருவர் இழுத்தார், உதறினேன். அம்மாவின் முகம் எனக்கு நேர் மேலே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வடக்கு மூலை வந்தது. சக்கரம் சிலாப்பில் ஏறியது. டிரைவரிடம் மெதுவாக, மெதுவாக என்று எத்தனையோ தடவை சொல்லி வைத்திருந்தேன். மேளச் சத்தத்தில் அவனும் அருள் வந்தவன்போல ஓட்டினான். தொம்மென்று இறங்கியது.

குழாய் தாழ்ந்தது. அம்மா ஒரு குதி குதித்து எனக்கு அருகே வந்தாள், பிறகு மேலே போனாள். இன்னொரு முறை லேசாக ஆடி, பழைய இடத்தில் நின்றது. இரண்டு விரற்கடைதான். அதற்குமேல் ஓர் இழைகூட இறங்கவில்லை. கூட்டம் கத்தியது. மாலையிலிருந்து இரண்டு பூ என் தலையில் விழுந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். முதலில் பார்த்தது என்னைத்தான். என் இரண்டு கைகளும் அவளைப் பிடிப்பதற்காக மேலே நீட்டியபடி இருந்தன. அதை அப்போதுதான் நானே கவனித்தேன்.

"ஒடையாதுன்னு சொன்ன?" என்று மேலிருந்து கேட்டாள்.

"ஒடையாது!"

"அப்பறம் எதுக்குடி கையத் தூக்கிகினு நிக்கற?"

"நீ மொதல்ல மாலையப் போடு!" என்று கத்தினேன். கையை இறக்கவில்லை.